வீரிய ஒட்டு நெல்லில் விதை எடுத்தால் பதர் ஏன்?

கேள்வி: கும்பப்பூப் பருவத்தில் வீரிய ஒட்டு நெல் நட்டு நல்ல மேனி (விளைச்சல்) கண்டேன். அதிலேயே விதைக்கு எடுத்துவைத்து அடுத்த கன்னிப்பூப் பருவத்தில் நட்டேன். ஒரு தூர் முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. இடையிடையே சில தூர் முழுக்கப் பதர். விற்ற விதையிலேயே கோளாறா?
– தோவாளை வட்டார விவசாயி

பதில்: விற்றவர் மேல் பழி இல்லை. பதர் அந்த நெல்லின் தாய்வழிச் சொத்து.

நெல்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துவிடும். ஒட்டு விதை என்பதோ ஒரு ரகத்தின் மகரந்தத்தால் இன்னொரு ரகத்தைச் சூல் பிடிக்கவைத்து எடுப்பது. அதை ஏக்கர் கணக்கில் எடுக்க, மகரந்தம் மலடான தாய்ச்செடி வேண்டும். 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு காட்டு நெல்லில் அது கிடைத்தது. நம் நாட்டு ஒட்டு ரகங்களிலும் பெரும்பாலானவற்றுக்குத் தாய்வழி அதுதான்.

இந்த மலட்டுத்தன்மை இருப்பது செல்லின் உட்கருவில் அல்ல, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவில். அது தாயிடமிருந்து மட்டுமே வரும்; எனவே நீங்கள் வாங்கிய விதை ஒவ்வொன்றிலும் இருந்தது. ஆனாலும் கதிர் மணி பிடித்ததே? தகப்பன் ரகம் கொடுத்த மீட்பு மரபணுக்கள் அதை அடக்கிவைத்திருந்தன. முக்கியமானவை இரண்டு: ஒன்று முதலாம் குரோமோசோமில், மற்றொன்று பத்தாவதில். தாய் பக்கத்தில் இவை கிடையாது.

அடுத்த தலைமுறையில் இவை பிரிந்து போகும். கணக்குப்படி 16 தூருக்கு ஒன்றில் இரண்டுமே இருக்காது. அது சுத்த மலடு. ஒன்று மட்டும் வாய்த்த தூர்களில் அரைகுறையாக மணி பிடிக்கும். முந்துவதும் பிந்துவதும்கூட இதே பிரிவினைதான், வேறு மரபணுக்களில்.

எல்லாப் பதரையும் இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். வெளுத்த கதிரை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான் புழுவின் வேலை. உறுதியாக நின்று, கதிரின் அடிப்பாகம் கண்ணாடி இலையின் (கதிருக்கு அடுத்த கடைசி இலை) உறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் மலடாக இருக்கலாம். பூக்கும் நாளில் காலையிலேயே பார்த்தால் இன்னும் தெளிவு: நல்ல மகரந்தப்பை மஞ்சளாகத் தடித்திருக்கும், மலட்டுப்பை வெளிறிச் சூம்பியிருக்கும்.

ஒட்டு விதையை நாமே எடுக்கலாமே என்று தோன்றும். சுற்றிலும் 100 மீட்டருக்கு வேறு நெல் பூக்கக் கூடாது. பூக்கும் நாட்களில் கயிறு இழுத்து மகரந்தம் பரப்ப வேண்டும். வரப்புக்கு வரப்பு ஆள் மாறும் நம் ஏலாக்களில் (வயல்வெளிகளில்) அதற்கு ஊரே சம்மதிக்க வேண்டும்!

ஒட்டு நெல்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு பூவுக்கும் (பருவத்துக்கும்) புது விதை வாங்குங்கள். விதை எடுத்துவைக்கும் பழக்கத்தை விட மனமில்லையென்றால் அம்பை 16, டி.பி.எஸ் 5 போன்ற சாதா ரகங்களுக்குப் போங்கள்; திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் உங்கள் பூவுக்கு எது தோது என்று சொல்வார்கள்.