பல் இம்ப்ளான்ட்: நம்பி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இம்ப்ளான்ட் வைக்கலாம் என்கிறார் பல் மருத்துவர். எதிர்வீட்டுக்காரருக்கு வைத்தது மூன்றே வருடத்தில் ஆடிவிட்டது. எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோயும் இருக்கிறது. செலவு செய்து வைத்தால் நிலைக்குமா? பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜே போதுமா?

பதில்: முதலில் எதிர்வீட்டுக்காரரின் பல்லைப் பார்ப்போம். இம்ப்ளான்ட் என்பது ஒரே துண்டு அல்ல. எலும்புக்குள் இறங்குவது டைட்டானியம் திருகு. வெளியே தெரிவது கேப். இரண்டையும் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பொடி ஸ்க்ரூ. பெரும்பாலும் தளர்வது அந்த ஸ்க்ரூதான். போன மாதம் ஓர் அம்மா கன்னத்தில் கைவைத்தபடி, "எல்லாம் போச்சு டாக்டர்" என்று வந்தார். கேப்பின் மேல் இருந்த அடைப்பை எடுத்து, சாவி போட்டு இறுக்கி, மறுபடி அடைத்தேன். பத்து நிமிடம் ஆனது. எலும்புக்குள் இருந்த திருகு அசையவே இல்லை. உங்கள் எதிர்வீட்டுக்காரரையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்புக்குள் இருக்கும் திருகே ஆடினால் அது வேறு கதை, அதைக் காப்பாற்றுவது கடினம்.

இது எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 1952-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் ஒரு டைட்டானியம் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அப்படிப் பல் வைத்தார். 2006-ல் அந்த நோயாளி இறக்கும்வரை, 40 வருடம், அந்த இம்ப்ளான்ட்டுகள் உழைத்தன. இன்று பத்து வருடம் கண்காணித்த ஆய்வுகளில் 100-க்கு ஏறக்குறைய 95 அதே இடத்தில் இருக்கின்றன. ஆனால் இடத்தில் இருப்பது வேறு, தொந்தரவே இல்லாமல் இருப்பது வேறு.

தொந்தரவு பெரும்பாலும் ஈறிலிருந்துதான் வரும். இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது, சரி. ஆனால் சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி நார்கள் இருக்கும், ஈறு அதை இறுகப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டுக்கு அந்தப் பிடிமானம் குறைவு. சுற்றி அழுக்கு படிந்தால் கிருமி சுலபமாகக் கீழே இறங்கி எலும்பைக் கரைக்கும். வலி இருக்காது என்பதுதான் எனக்குக் கவலை. பல் தேய்க்கும்போது ரத்தக் கசிவு, அழுத்தினால் லேசாகச் சீழ், இவ்வளவுதான் அடையாளம். வலிக்கட்டும், போய்க்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

சர்க்கரை இருப்பதாலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் தயங்காமல் வைக்கலாம். 8-ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் குறையுங்கள், பல் காத்திருக்கும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் தோல்விக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

பல் போய் இரண்டு வருடம் என்கிறீர்கள். அந்த இடத்து எலும்பு நிச்சயம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பும் ஓடுகிறது. அதைத் தொட்டால் உதடு மரத்துப்போகும். அதனால் சாதாரண எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து எலும்பின் அகலத்தையும் நரம்பு இருக்கும் ஆழத்தையும் அளந்த பிறகே முடிவெடுங்கள். எலும்பு ஒட்ட மூன்று மாதமாவது ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

பிரிட்ஜ் ஒன்றும் மட்டமான வழி இல்லை. இரண்டு மூன்று தடவை போனால் முடிந்துவிடும். ஆனால் இரு பக்கத்துப் பற்களையும் சீவ வேண்டும். அவை சொத்தையே இல்லாத நல்ல பற்கள் என்றால் சீவ எனக்கு மனம் வராது, இம்ப்ளான்ட்டைத்தான் சொல்வேன். ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பற்கள் என்றால் பிரிட்ஜே போதும்.

வைத்த பிறகு பல் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ் தினமும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொள்ளுங்கள், வருடம் ஒரு எக்ஸ்ரே. 'லைஃப்டைம் கியாரண்டி' என்றால் பெரும்பாலும் திருகுக்கு மாற்றுத் திருகு தருவார்கள், அவ்வளவுதான்; அறுவை சிகிச்சைச் செலவு உங்களுடையது. இன்னொன்று, திருகு வந்த பெட்டியில் கம்பெனி பெயர், அளவு, பேட்ச் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் சாவி வேறு. நாளைக்கு வேறு ஊரில் அந்தப் பொடி ஸ்க்ரூ தளர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.