பக்கவாத்தியம் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகன் எந்நேரமும் ரெகே, ஸ்கா என்று ஜமைக்கா பாட்டுகளையே கேட்டுக்கொண்டிருக்கிறான். என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் என் செல்பேசியில் நாலைந்து பாட்டுகளைப் போட்டுக் கேட்டேன். எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. பாடகர் நன்றாகத்தான் பாடுகிறார். பக்கவாத்தியம்தான் விடாமல் 'சக்கு சக்கு' என்கிறது. ரெகேக்கும் ஸ்காவுக்கும் என்ன வேறுபாடு? இவற்றை எப்படி ரசிப்பது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'பக்கவாத்தியம்' என்று எழுதிவிட்டீர்களே ஐயா! ஸ்காவும் ரெகேயும் சற்று நேரம் காத்திருக்கட்டும். முதலில் இந்தச் சொல்லோடு எனக்கு இருக்கும் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு வருகிறேன்.

இந்தப் பத்திரிகையில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு நான் நிரந்தரத் தடை விதித்திருக்கிறேன். 'வயலினும் மிருதங்கமும் கச்சேரிக்குப் பக்கபலமாக அமைந்தன' என்பதுதான் அது. பாடகரின் தோடிக்கு நாற்பது வரி, பட்டுப்புடவைக்கு இரண்டு வரி. இரண்டரை மணி நேரம் வியர்வை சிந்திய இரண்டு கலைஞர்களுக்குச் சேர்த்து ஒரே வரி. அதிலும் பெயர் இருக்காது. ஒரு மூத்த விமர்சகரின் கட்டுரையிலிருந்து அந்த வரியை நான் வெட்டியபோது அவர் எங்களுக்கு எழுதுவதையே நிறுத்திக்கொண்டார். இன்றும் சபா வாசலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய நட்பு போனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஆனால் நாளைக்கே அந்த வரி மறுபடி என் மேசைக்கு வந்தால் மறுபடி வெட்டுவேன்.

இப்போது ஜமைக்காவுக்கு வருவோம். நீங்கள் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிய இடத்தில்தான் அங்கே பாட்டே இருக்கிறது. ரெகேயில் மெட்டைச் சுமப்பது, தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் பேஸ் கிட்டார். பாடகர் அந்த மெட்டின் மேல் வந்து உட்காருகிறார், எழுந்து போகிறார், வேறொருவர் வந்து உட்காருகிறார். பேஸ் மட்டும் நகராது. அந்த பேஸை நீங்கள் கேட்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன். செல்பேசியில் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. விரல்நகம் அளவு ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்ப முடியாது. எனவே உங்களுக்கு வந்து சேர்ந்தது பாடகரின் குரலும் கிட்டாரின் 'சக்கு'ம் மட்டும்தான். தவிலை எடுத்துவிட்டு ஜால்ராவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மல்லாரியை மதிப்பிட்டால் எப்படி இருக்கும்?

வேறுபாடு கேட்டீர்கள். அது பெரும்பாலும் வேகத்திலும் பேஸின் நடையிலும் இருக்கிறது. 1950களில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டன் நகரத்து ஏழைகள் முற்றங்களில் கூடி ஆடினார்கள். பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு வந்து இசைத்தட்டுப் போடுகிறவர்களுக்கு அங்கே 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். நம் ஊர் மைக் செட்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்டி பத்து மடங்கு. அமெரிக்காவிலிருந்து எவரிடமும் இல்லாத இசைத்தட்டைக் கொண்டுவருகிறவனுக்கே கூட்டம். அதனால் வாங்கிவந்ததும் முதல் வேலையாக இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டிவிடுவார்கள். பாடியவர் யார், வாசித்தவர் யார் என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது!

கிளெமென்ட் காக்ஸன் டாட் என்பவரிடம் அப்படிப்பட்ட தட்டு ஒன்று இருந்தது. அதற்குத் தன் பெயரையே வைத்துப் பல காலம் கொடி கட்டிப் பறந்தார். எதிராளி டியூக் ரீட், முன்னாள் போலீஸ்காரர். விடுவாரா? அது வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் தட்டு என்று எப்படியோ துப்புத் துலக்கி, அதே தட்டை வாங்கிவந்து, ஒருநாள் இரவு தன் பெட்டிகளில் அலறவிட்டார். காக்ஸன் மயங்கியே விழுந்துவிட்டார் என்று சொல்வார்கள். கலைஞனின் பெயரைச் சுரண்டி எடுத்தவருக்குக் கிடைத்த அந்தத் தண்டனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் குளிர்கிறது. 'பக்கபலமாக அமைந்தன' என்பதும் அந்தச் சுரண்டலின் இன்னொரு வடிவம்தான்.

அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியதும் கிங்ஸ்டனுக்குப் பிடித்த பழைய பாணித் தட்டுகளின் வரத்துக் குறைந்தது. அப்போது இந்த மைக் செட் முதலாளிகளே உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதில் பிறந்ததுதான் ஸ்கா. கையால் தாளம் தட்டிப் பாருங்கள்: தட்டு விழும் இடத்தில் கிட்டார் வராது, கை மேலே எழும் இடத்தில் வரும். ஓட்டமான வேகம். பேஸ் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி வைத்து விறுவிறுவென நடக்கும். மேலே டிராம்போனும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும். 1962 ஆகஸ்ட் 6 அன்று நாடு விடுதலை பெற்றபோது தெருவில் ஒலித்தது இந்த இசைதான்.

அந்த ஊதுகருவிக்காரர்கள் எங்கே பயின்றார்கள் தெரியுமா? கிங்ஸ்டனில் ஆல்ஃபா என்ற ஆண் பிள்ளைகள் பள்ளி. ஆதரவற்ற பிள்ளைகளையும் அடங்காத பிள்ளைகளையும் கத்தோலிக்கக் கன்னியர் வளர்த்த இடம். அங்கே சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரி 1939 முதல் 2003-இல் மறையும்வரை இருந்தார். இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, இசைக்குழுவைப் பேணினார். 1964-இல் உருவான ஸ்காட்டலைட்ஸ் குழுவின் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் நால்வரும் அந்தப் பள்ளியின் பிள்ளைகள். டிரம்மண்டின் டிராம்போனை ஒருமுறை கேளுங்கள். ஆட்டத்துக்கான இசையில் அவ்வளவு துயரம் எப்படி வந்தது என்று தெரியாமல் நான் பல இரவுகள் விழித்திருக்கிறேன். மனநோயில் வாடி 1969-இல் மருத்துவமனையிலேயே இறந்துபோனார்.

1966 வாக்கில் வேகம் தளர்ந்தது. அந்த ஆண்டு வெயில் தாங்காமல் ஆட்டக்காரர்கள் களைத்துப்போனதுதான் காரணம் என்று அங்கே ஒரு கதை உண்டு. வெயிலோ வேறெதுவோ, அந்தத் தளர்ச்சியில் பேஸுக்கு விடுதலை கிடைத்தது. தட்டுக்கு ஓர் அடி என்று நடந்துகொண்டிருந்தது, நாலைந்து சுரங்களில் ஒரு சிறு வாக்கியம் பேசிவிட்டு மௌனமாகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. இது ராக்ஸ்டெடி. இரண்டே ஆண்டுகள். 1968-இல் டூட்ஸ் ஹிப்பர்ட் தன் மேட்டல்ஸ் குழுவோடு ஒரு பாட்டின் தலைப்பிலேயே 'ரெகே' என்ற சொல்லை வைத்தார், பெயர் நிலைத்துவிட்டது.

ரெகேயின் உயிர் ஒரு வெற்றிடத்தில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணுங்கள். இரண்டிலும் நான்கிலும் நீங்கள் சொன்ன அந்தச் 'சக்கு'. மூன்றில் டிரம்ஸ் தன் முழு எடையோடு விழும். ஒன்றில்? அந்த அடி இல்லை. உலகத்து இசையில் பெரும்பாலானவை காலை ஊன்றி நிற்கும் முதல் இடத்தை இவர்கள் காலியாக விட்டுவிட்டார்கள். 'ஒன் டிராப்' என்பது அதன் பெயர். தாளத்தின் முதல் இடமான சமத்தில் தட்டு விழுந்து, அரை இடம் தள்ளிக் கிருதி எடுக்கும்போது நம் நெஞ்சு ஒரு கணம் அந்தரத்தில் நிற்குமே, அந்த உணர்வை இவர்கள் பாட்டு முழுக்க நீட்டிக்கிறார்கள். கும்பகோணத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

எல்லாம் ஒன்று போல் இருக்கிறது என்றீர்கள். உங்கள் காதில் குறையே இல்லை. நீங்கள் கேட்டவற்றில் இரண்டு, உண்மையிலேயே ஒரே பேஸ், ஒரே டிரம்ஸாக இருந்திருக்கலாம். ஒரு முறை பதிவான வாத்தியப் பகுதியை 'ரிடிம்' என்பார்கள். அதன் மேல் பத்துப் பேர், நூறு பேர், தலைமுறை தாண்டியும் புதிய பாட்டுக் கட்டுவார்கள். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று மேலே ஒரு வரி போட்டு, தெரிந்த மெட்டில் புதுப்பாட்டு எழுதுவார்களே, அதே நேர்மை. 1985-இல் வெய்ன் ஸ்மித் பாடிய ஒரு பாட்டின் ரிடிம், கேஸியோ நிறுவனத்தின் எம்டி-40 என்ற சிறு கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளம். ஜமைக்காவின் இசையையே கணினி யுகத்துக்குத் திருப்பிய அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுதா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் ரெகேயை ஆய்வு செய்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பெயரும் பல்லாண்டுகள் வெளியே தெரியவில்லை. பாருங்கள், மறுபடியும் பெயர்!

'டப்' என்று ஒன்று இருக்கிறது. என் கட்சிக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரூடி ரெட்வுட் என்ற மைக் செட்காரருக்கு ஓர் இசைத்தட்டு வெட்டிக் கொடுத்தபோது, ஒலிப்பதிவாளர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே போட்டார். கூட்டமே சேர்ந்து பாடியது. அதன் பிறகு கிங் டப்பி வந்தார். ரேடியோ பழுதுபார்ப்பதும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவதும் அவர் தொழில். பதிவான பாட்டை எடுத்து, பாடகரை வெளியே அனுப்பிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் நடுக்கூடத்தில் உட்கார வைத்தார். குரல் எப்போதாவது ஒரு சொல்லாக வந்து, எதிரொலித்து, கரைந்து போகும். பாட்டில் யார் பக்கம், யார் நடு என்ற கேள்விக்கு ஒரு ரேடியோ மெக்கானிக் தந்த விடை அது. தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு என்னால் இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததில்லை.

கஞ்சா, சடைமுடி என்று இந்த இசையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. கஞ்சா என்ற சொல்லே 1845 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன இந்தியர்களோடு அந்தத் தீவுக்குச் சென்றது என்பதை மட்டும் அவர்கள் நினைவில் வைக்கட்டும்.

ரெகேயின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் படம் போட்ட பனியன் உங்கள் மகனிடமும் இருக்கும். அந்தப் பாட்டுகளின் பேஸை வாசித்தவர் ஆஸ்டன் பாரெட். டிரம்ஸ், அவருடைய தம்பி கார்ல்டன். ஆஸ்டன் தன் முதல் பேஸைப் பலகையில் தானே செய்துகொண்டவர். மார்லி 1981-இல் மறைந்த பின், தனக்கும் தம்பிக்கும் சேர வேண்டிய உரிமைத்தொகை வரவில்லை என்று லண்டன் நீதிமன்றம் வரை போனார். 1994-இல் போட்ட ஒப்பந்தத்தோடு அவர் உரிமை முடிந்துவிட்டது என்று 2006-இல் வழக்குத் தள்ளுபடியானது. சட்டம் தன் வேலையைச் செய்திருக்கலாம். ஆனால் உலகம் முழுக்க ஒலிக்கும் அந்த மெட்டுகளைத் தன் விரலால் பேசியவர், அதற்குரியதைத் தாருங்கள் என்று அறுபதாவது வயதில் கூண்டேறி நின்றதை என்னால் ஆறாமல்தான் நினைக்க முடிகிறது. 2024 பிப்ரவரியில் அவர் காலமானார். நம் செய்தித்தாள்களில் எத்தனை வரி வந்தது என்று தேடிப் பார்த்தேன். கோபம்தான் மிஞ்சியது.

இன்று மாலை மகனிடம் நல்ல ஹெட்போனைக் கேட்டு வாங்குங்கள். அல்லது அவனோடு, நல்ல பெட்டி வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போங்கள். முதலில் ஸ்காட்டலைட்ஸ், பிறகு டூட்ஸ், பிறகு கிங் டப்பி என்று வரிசையாகப் போடச் சொல்லுங்கள். மார்லியைக் கடைசியில் வையுங்கள். குரலை விட்டுவிட்டு அடியில் போகும் தந்தியை மட்டும் பின்தொடருங்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், 'பேஸ் வாசித்தது யார்?' என்று அவனைக் கேளுங்கள். தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அந்தப் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில், இதே பக்கத்தில், தடித்த எழுத்தில் போடுகிறேன்.