குளிசையும் குண்டிக்காயும்

வணக்கம் அண்ணை,

அம்மாவுக்கு 63 வயது. பிறசருக்கு எனலாப்ரில் குளிசை தொடங்கி இரண்டு கிழமையில், குண்டிக்காய்க்கு இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கினம். "பார், குளிசை கிட்னியை அடிக்கப் போகுது" எண்டு அம்மா குளிசையை நிப்பாட்டிப்போட்டா. பிறசருக்கும் குண்டிக்காய்க்கும் என்ன தொடுப்பு?

வாசகி, கரவெட்டி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், குளிசையை நிறுத்தியதைச் சொல்லுங்கள். இதே பயத்தில் குளிசையை விட்ட என் பெரியப்பா பாரிசவாதத்தில் விழுந்தவர்.

இறைக்கிறது இதயம். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பது குண்டிக்காய். இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்தான் போகிறது. ஒரு நாளில் 180 லீற்றர் வடித்து, 1 - 2 லீற்றரை மட்டும் சிறுநீராக விடுகிறது. எவ்வளவு உப்பைத் திரும்ப எடுக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீரும் உடம்பில் தங்கும். பிறசரின் கணக்கு அங்கேதான்.

தனக்கு வரும் இரத்தத்தின் அமுக்கம் குறைந்தால் குண்டிக்காய் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அது ஈரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை வெட்ட, முக்கியமாக நுரையீரலில் இருக்கும் நொதியம் அந்தத் துண்டை அஞ்சியோரென்சின் 2 என்ற பொருளாக்கும். அதனால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், உப்புத் தங்கும், பிறசர் ஏறும். வெயிலில் தோட்டம் கொத்தி வியர்த்தவரைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான். ஆனால் குண்டிக்காய்க்குப் போகும் நாடி ஒடுங்கிப்போனால், உடம்பில் இரத்தம் நிறைந்திருந்தாலும் அது வறட்சி என்றே நம்பி ரெனினை ஊற்றும். 1934இல் கோல்ட்பிளாற் என்ற ஆய்வாளர் நாய்களில் அந்த நாடியை இறுக்கி, பிறசர் ஏறுவதைக் காட்டினார்.

எனலாப்ரில், நுரையீரலில் இருக்கும் அந்த நொதியத்தை மறிக்கிறது. வடிகட்டும் நுண்குழாய்களுக்குள்ளும் அமுக்கம் இறங்குவதால் தொடக்கத்தில் கிரியேற்றினின் (குண்டிக்காய் வடித்து வெளியேற்றும் ஒரு கழிவு) இரத்தத்தில் கொஞ்சம் ஏறலாம், பொற்றாசியமும் கூடலாம். அளவு மீறாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சோதனை. குண்டிக்காயை வருடக்கணக்கில் அரிப்பது கட்டுப்படாத பிறசர்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

ஒன்று கட்டாயம் கேளுங்கள்: முழங்கால் நோவுக்குப் பாமசியில் துண்டில்லாமல் டைக்குளோபினாக் வாங்கிப் போடுகிறாவா? அது பிறசரையும் ஏற்றும், குண்டிக்காய்க்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். போடுகிறா என்றால் குளிசை இருந்த வெறும் பட்டையை கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் டாக்குத்தரிடம் காட்டுங்கள்.