செனட்டர் அமைச்சரானால் அவருடைய இடம் யாருக்கு?

வாசகர் கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு நான் முதன்முதலாக வாக்களித்தது எங்கள் மாநிலத்தின் செனட்டருக்குத்தான். அவரை அதிபர் தமது அமைச்சரவையில் சேர்த்துக்கொள்ளப் போவதாக இப்போது தொலைக்காட்சியில் நாள்தோறும் பேசுகிறார்கள். அமைச்சரான பிறகும் அவர் எங்கள் செனட்டராக நீடிப்பாரா? இல்லையென்றால் நாங்கள் மீண்டும் வாக்களிக்க வேண்டுமா? இந்த ஊகங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: நீடிக்க முடியாது. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் விசித்திரமாகத் தோன்றும். அங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதங்களுக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும். அமெரிக்காவில் விதி நேர் எதிரானது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, ஆறாம் உட்பிரிவின்படி, அரசின் நிர்வாகப் பதவியில் இருக்கும் எவரும் அதே நேரத்தில் செனட்டிலோ பிரதிநிதிகள் அவையிலோ உறுப்பினராக இருக்க முடியாது. ஆகவே உங்கள் செனட்டர் அமைச்சராகப் பதவிப் பிரமாணம் எடுப்பதற்கு முன்பே செனட் பதவியைத் துறந்தாக வேண்டும்.

ஆனால், பெயர் அறிவிக்கப்பட்ட உடனேயே அவர் விலக வேண்டியதில்லை. அதிபர் முன்மொழிந்து, செனட் குழு விசாரித்து, முழு அவை சாதாரணப் பெரும்பான்மையில் ஒப்புதல் அளிக்கும் வரை அவர் உறுப்பினர்தான். தமது நியமனம் வாக்கெடுப்புக்கு வரும்போது அவரும் வாக்களிக்கலாம். 2025 ஜனவரி 20 அன்று மார்கோ ரூபியோவை வெளியுறவு அமைச்சராக ஏற்கும் தீர்மானம் 99-0 என நிறைவேறியது. அந்த 99 வாக்குகளில் அவருடையதும் ஒன்று. மறுநாள் அவர் அமைச்சராகப் பதவியேற்றார். 2017 பிப்ரவரியில் செனட்டர் ஜெஃப் செஷன்ஸை அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித்துறையின் அமைச்சராக, ஏற்கும் தீர்மானம் 52-47 என நிறைவேறியபோது, அவர் ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்காமல் அவையில் இருப்பதாக மட்டும் பதிவு செய்தார்.

அதிகம் பேசப்படாத இன்னொரு தடையும் உண்டு. ஒரு செனட்டர் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு ஆண்டுக் காலத்துக்குள் ஒரு பதவி புதிதாக உருவாக்கப்பட்டாலோ அதன் ஊதியம் உயர்த்தப்பட்டாலோ, அந்தப் பதவிக்கு அவரை நியமிக்கக் கூடாது என்கிறது அதே உட்பிரிவு. தாங்களே கூட்டிய சம்பளத்தைத் தாங்களே போய் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். இடையில் ராஜினாமா செய்தாலும் இந்தத் தடை நீங்குவதில்லை, ஏனெனில் கணக்கில் எடுக்கப்படுவது அவர் எந்தக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அந்த முழுக் காலம். நடைமுறையில் நாடாளுமன்றம் அந்தப் பதவியின் ஊதியத்தைப் பழைய அளவுக்கே குறைத்துவிடுகிறது. 1909-இல் ஃபிலாண்டர் நாக்ஸுக்காக வெளியுறவு அமைச்சரின் ஆண்டு ஊதியம் 12,000 டாலரிலிருந்து 8,000 டாலராகக் குறைக்கப்பட்டது. 1973-இல் வில்லியம் சாக்ஸ்பியை நிக்சன் அட்டர்னி ஜெனரலாக்க விரும்பியபோது 60,000 டாலர் 35,000 டாலராயிற்று; அதனால் இந்த ஏற்பாட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வெளியுறவு அமைச்சராகவிருந்த செனட்டர் ஹிலாரி கிளிண்டனுக்காக 1,91,300 டாலர் 1,86,600 டாலராக இறங்கியது. சட்டத்தின் எழுத்துக்கு இது உண்மையாகப் பொருந்துமா என்று சாக்ஸ்பி காலத்திலேயே செனட்டர் ராபர்ட் பேர்ட் போன்றோர் எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் இன்று எந்த நியமனமும் இந்தக் காரணத்தால் நின்றுபோகும் என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

உங்கள் வாக்குக்கு உண்மையில் பொருள் தருவது அடுத்த விஷயம்தான்: காலியாகும் இடத்தை யார் நிரப்புகிறார்கள்? 1913-இல் நடைமுறைக்கு வந்த 17-ஆம் திருத்தம் இதை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. இடைத்தேர்தல் நடக்க வேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஆளுநருக்கு வழங்கலாம். இங்கே ஆளுநர் என்பவர் மத்திய அரசு அனுப்பிவைப்பவர் அல்லர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கட்சிக்காரர். பெரும்பாலான மாநிலங்களில் நியமனம் அவர் கையில் இருக்கிறது. அரிசோனா, வட கரோலினா, வயோமிங் போன்ற சிலவற்றில் விலகியவரின் கட்சியைச் சேர்ந்தவரைத்தான் அவர் நியமிக்க முடியும். ஆரிகன், விஸ்கான்சின், வட டகோட்டா போன்ற மாநிலங்களில் நியமனமே கிடையாது. இடைத்தேர்தல் முடியும் வரை அந்த இடம் காலியாகவே இருக்கும். நீங்கள் மாநிலத்தின் பெயரை எழுதவில்லை, எனவே உங்கள் மாநிலம் இவற்றில் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

இந்தச் சட்டங்களும் அரசியல் காற்றுக்கு ஏற்ப மாறுகின்றன. மாசசூசெட்ஸில் 2004-இல் அம்மாநில செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் நின்றபோது, அவர் வென்றால் குடியரசுக் கட்சி ஆளுநரான மிட் ராம்னி தம் ஆளை நியமித்துவிடுவார் என்று அஞ்சிய ஜனநாயகக் கட்சிச் சட்டமன்றம், ஆளுநரின் நியமன அதிகாரத்தையே பறித்தது. 2009-இல் அம்மாநிலத்தின் மற்றொரு செனட்டர் எட்வர்ட் கென்னடி இறந்தபோது ஆளுநர் ஜனநாயகக் கட்சிக்காரர். உடனே தற்காலிக நியமன அதிகாரம் திரும்ப வந்தது. இருந்தும் 2010 ஜனவரி இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்று எல்லோருடைய கணக்கையும் கலைத்தார்.

ஊகங்களை எடைபோடும்போது பெயருக்கு உரியவரின் தகுதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்பதுதான் என் உறுதியான கருத்து. அவர் விட்டுச்செல்லும் இடத்தைப் பார்க்க வேண்டும். 2020 இறுதியில், அதிபராகத் தேர்வான ஜனநாயகக் கட்சியின் பைடனுடைய அமைச்சரவையில் செனட்டர்கள் பெர்னி சாண்டர்ஸ் தொழிலாளர் துறைக்கும் எலிசபெத் வாரன் நிதித்துறைக்கும் வருவார்கள் என்று பேச்சு பலமாக இருந்தது. சாண்டர்ஸே அந்தப் பதவியில் விருப்பம் காட்டினார். ஆனால் அவர்களுடைய மாநிலங்களான வெர்மான்ட், மாசசூசெட்ஸ் இரண்டிலும் ஆளுநர்கள் குடியரசுக் கட்சியினர். வெர்மான்ட் ஆளுநர் ஃபில் ஸ்காட், தாம் நியமிப்பவர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து செயல்படும் சுயேச்சையாகவே இருப்பார் என்று முன்பே சொல்லியிருந்தும் அது போதவில்லை. 2021 ஜனவரி 5 அன்று ஜார்ஜியாவில் இரண்டு இடங்களையும் வென்று ஜனநாயகக் கட்சி 50-50 என்ற நிலையை எட்டியது, வாக்குகள் சமமானால் முடிவு செய்யும் துணை அதிபரின் வாக்கை வைத்துத்தான் பெரும்பான்மை. மூன்று நாட்கள் கழித்து மார்ட்டி வால்ஷைத் தொழிலாளர் துறைக்கு அறிமுகப்படுத்திய பைடன், சாண்டர்ஸைப் பற்றித் தீவிரமாக யோசித்ததாகவும், செனட்டின் கட்டுப்பாட்டை ஓர் இடைத்தேர்தலிடம் ஒப்படைக்க முடியாது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டதாகவும் வெளிப்படையாகவே கூறினார்.

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அலபாமா சாட்சி. அந்த மாநிலத்தின் செனட்டரான செஷன்ஸ் அமைச்சராவதற்காக விலகியபோது, குடியரசுக் கட்சிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று எல்லோரும் கருதினார்கள். ஆளுநர் ராபர்ட் பென்ட்லி, லூதர் ஸ்ட்ரேஞ்சை நியமித்து, இடைத்தேர்தலை 2018 பொதுத்தேர்தலோடு வைத்துக்கொள்ளலாம் என்றார். ஏப்ரலில் பென்ட்லியே பதவி விலக நேர்ந்தது. அடுத்து வந்த கே ஐவி தேர்தலை 2017 டிசம்பருக்கு முன்னே கொண்டுவந்தார். உட்கட்சித் தேர்தலில் ஸ்ட்ரேஞ்ச் தோற்று ராய் மூர் வேட்பாளரானார், டிசம்பர் 12 அன்று ஏறத்தாழ 22,000 வாக்குகள் வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் வென்றார். செனட்டில் 52-48 என்றிருந்தது 51-49 ஆனது. செஷன்ஸுக்கும் நன்மை விளையவில்லை: 2018 நவம்பரில் அதிபர் கேட்டுக்கொண்டபடி பதவி விலகினார், 2020-இல் தம் பழைய இடத்துக்கே போட்டியிட்டு உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். அமைச்சர் பதவி அதிபர் விரும்பும் வரைதான்; ஆறு ஆண்டு உறுதியுள்ள இடத்தை அதற்காகக் கைவிட ஒரு செனட்டர் ஏன் தயங்குகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எதிர்க்கட்சி செனட்டரின் பெயர் அடிபட்டால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 2009 பிப்ரவரியில் ஒபாமா வணிகத் துறைக்குக் குடியரசுக் கட்சியின் ஜட் கிரெக்கைத் தேர்ந்தெடுத்தார். நியூ ஹாம்ப்ஷையரின் ஜனநாயகக் கட்சி ஆளுநர், அந்த இடத்துக்கு ஒரு குடியரசுக் கட்சியினரையே நியமிப்பதாக அறிவித்தும், பத்தே நாட்களுக்குள் கிரெக் கொள்கை வேறுபாட்டைச் சொல்லி விலகிக்கொண்டார். அதாவது, அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பெயரும் கைகூடாமல் போகலாம்.

ஆகவே உங்கள் செனட்டரைப் பற்றிய பேச்சைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளுங்கள்: ஆளுநர் எந்தக் கட்சி, மாநிலச் சட்டம் அவரை எப்படிக் கட்டுப்படுத்துகிறது, செனட்டில் பெரும்பான்மை எத்தனை இடங்களில் நிற்கிறது. ஆளுநரும் செனட்டரும் ஒரே கட்சியாக இருந்து, பெரும்பான்மையும் வசதியாக இருந்தால் பேச்சில் பொருள் இருக்கலாம். ரூபியோ விஷயத்தில் அப்படித்தான் இருந்தது. ஃபுளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் தம் கட்சியின் ஆஷ்லி மூடியை அந்த இடத்தில் அமர்த்தினார்.

மீண்டும் வாக்களிப்பது பற்றி: இடைத்தேர்தல் வரும், ஆனால் எப்போது என்பது மாநிலத்தைப் பொறுத்தது. சில இடங்களில் சில மாதங்களிலேயே தனியாக நடக்கும், சில இடங்களில் அடுத்த பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் வட்டாரத் தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் பதிவு சரியான முகவரியில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்; உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கக் கட்சி சார்பைப் பதிவு செய்திருக்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். உறவினரின் விசா போன்ற ஏதேனும் விண்ணப்பத்துக்காக அந்தச் செனட்டரின் அலுவலகத்தில் உதவி கேட்டிருந்தால், உங்கள் ஆவணங்களின் நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு, மாநிலத்தின் மற்றொரு செனட்டரின் அலுவலகத்தையும் அணுகலாம்.