காறை எலும்பு முறிந்த இடத்தில் புடைப்பு: மறுபடி உடைந்துவிட்டதா?

காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே முன்பக்கம் இருக்கும் எலும்பு) முறிந்து 5 வாரமான உங்கள் மகனுக்கு அங்கே புடைப்பு தெரிகிறது, மறுபடி உடைந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக விழவில்லை, வலியும் கூடவில்லை என்றால் மறுபடி உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்தப் புடைப்பு பெரும்பாலும் முறிவைச் சுற்றி வளரும் புது எலும்புதான். அங்கே தோல் மெல்லியது, அதனால் கொட்டைப்பாக்கு மாதிரி துருத்தித் தெரியும். அது சமனாவதற்குச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

புடைப்பை விரலால் மெல்ல அழுத்துங்கள். அப்புறம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் இன்னும் ஆறவில்லை.

வலி போனதுமே எலும்பு கெட்டிப்பட்டுவிடாது. என் மகள் ஏழாம் வாரம் கட்டிலிலிருந்து குதித்து அதே இடத்தில் உடைத்துக்கொண்டாள். கபடி, கால்பந்து எல்லாம் மருத்துவர் சரி சொன்ன பிறகுதான். 2, 3 மாதம்கூட ஆகலாம்.

விழுந்து திடீர் வலி வந்தாலோ, கை மரத்தாலோ அன்றே காட்டுங்கள்.