தங்க, வெள்ளி நாணயங்களைக் கிட்டத்தில் படமெடுக்க விலை உயர்ந்த கேமரா அவசியமா?

கேள்வி இதுதான்: தங்க, வெள்ளி நாணயங்கள் சேகரிக்கிறேன், கையில் வைத்துப் பார்க்கும்போது இருக்கும் அழகு படத்தில் வருவதே இல்லை, ஒன்று கண்ணைக் கூசுகிறது, இல்லாவிட்டால் ஈயத் துண்டு மாதிரி இருக்கிறது, நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. முதலில் விளக்கை நகர்த்திப் பாருங்கள். நான் மூன்றாவது லென்ஸ் வாங்கிய பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

நாணயம் என்பது முக்கால்வாசி முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் மேல் விழும் வெளிச்சம் எந்தக் கோணத்தில் திரும்பி லென்ஸுக்கு வருகிறதோ, அதுதான் படம். ஒரு வெள்ளிக் காசைத் தட்டையாக வைத்து, நேர் மேலே கேமராவை நிறுத்துங்கள். மேசை விளக்கைக் கையில் எடுத்து, மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். இத்தனை நாள் கண்ணில் படாத மயிரிழைக் கீறல்கள் எல்லாம் எழுந்து நிற்கும். அப்படியே விளக்கை மெல்ல உயர்த்தி லென்ஸை ஒட்டிக் கொண்டுவந்தால் கீறல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், காசு மினுங்கத் தொடங்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் படத்தை மட்டும் பார்த்துக் காசு வாங்குகிறவர்கள், விற்பவர் விளக்கை எங்கே வைத்திருக்கிறார் என்று நிழலைப் பார்த்து ஊகித்துவிட்டு வாங்குவது நல்லது.

நான் வைத்திருப்பது இரண்டு சிறிய எல்இடி விளக்குகள். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் ஒன்று 10 மணி இடத்தில், இன்னொன்று 2 மணி இடத்தில், இரண்டும் நன்றாக உயரத்தில். கடுமையைக் குறைக்கிறேன் என்று முன்னால் வெள்ளைத் தாளைக் கட்டாதீர்கள், ஜொலிப்பு செத்துவிடும். காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த ஓட்டம் விட்டுச்செல்லும் மிக மெல்லிய வரிகள்தான் புதுக் காசைத் திருப்பும்போது வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிச் சுழலும் ஒளி. நிற்கும் படத்தில் சுழற்சி வராது, இரண்டு ஒளிக்கீற்று விழுந்தால் போதும். அந்த வரிகள் தேய்ந்த காசில் எந்த விளக்கை வைத்தாலும் அது வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேகரிப்பவர்களுக்காகவே தளத்தைப் பளபளவென்று மெருகேற்றி அடிக்கும் புரூஃப் நாணயம் தனி வழக்கு. அதன் தளம் நிஜமாகவே முகம் பார்க்கும் கண்ணாடி, கேமரா தன் முகத்தையே படமெடுத்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் தளம் கறுத்து, பனிபடர்ந்த உருவம் வெண்மையாக எழும். தளம் வெளிச்சமாக வேண்டும் என்றால் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே மறுபுறம் தெரியும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை 45 டிகிரி சாய்த்து, பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டுங்கள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராகக் கீழே இறங்கி, தளத்தில் மோதி, வந்த வழியே லென்ஸுக்குத் திரும்பும். விளக்கின் மறுபக்கம் கறுப்புத் துணி ஒன்று இருக்கட்டும், இல்லையென்றால் அறையே அந்தக் கண்ணாடியில் தெரியும்.

தங்கம் நிறத்தில் ஏமாற்றும். விளக்கின் நிறத்தைக் கேமராவே ஊகித்துச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸில் விட்டால், படம் முழுக்க மஞ்சளாக இருப்பதைப் பார்த்து விளக்குதான் மஞ்சள் என்று கேமரா முடிவுகட்டி, நீலத்தைக் கலந்து தங்கத்தைப் பித்தளையாக்கும். சாம்பல் அட்டை ஒன்றைக் காசின் இடத்தில் வைத்து நீங்களே வொயிட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள். அப்புறம், வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும், தங்கத்தின் மேடுகள் வெறும் மஞ்சள் திட்டாகிவிடும். வெள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. கறுப்புப் பின்னணியில் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அவ்வளவுதான், கையால் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, லென்ஸ். கிட்டத்தில் எடுப்பதற்கான 1:1 மேக்ரோ லென்ஸ் என்றால் பொருள் அதே அளவில், படத்தைப் பதியும் சென்சாரில் விழும். முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் உயரம் 24 மி.மீ. பிரிட்டிஷ் தங்கக் காசான சாவரினின் விட்டம் 22 மி.மீ. சொல்லிவைத்து அடித்த மாதிரிப் பொருந்தும். (நாம் சொல்லும் சவரன் இந்தக் காசின் பெயர்தான்.) 100 மி.மீ. குவியத் தூரமுள்ள மேக்ரோ என்றால் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே விளக்குக்கு இடம் கிடைக்கும். கைபேசியில் எடுப்பவர்கள் கிட்டே போகாமல், கொஞ்சம் விலகி நின்று, தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் எடுங்கள். ஒட்டிப் போனால் கைபேசியின் நிழல்தான் காசின் மேல் விழும்.

லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 22 வைத்தால் (எண் கூடினால் துளை சிறுக்கும்) எல்லாம் கூர்மையாகும் என்று நினைக்க வேண்டாம். 1:1-இல் எஃப் 8 வைத்தாலே அது எஃப் 16 போலத்தான் நடந்துகொள்ளும், அதற்கு மேல் மூடினால் படம் மொத்தமும் மழுங்கும். எஃப் 8-இல் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கும், காசின் மேடு பள்ளத்துக்கு அது போதும். ஆனால் கேமரா காசுக்கு இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி: காசின் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் படுக்கவைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது.

படமெடுக்கும் ஆசையில் காசைத் துடைத்துவிடாதீர்கள். என் முதல் வெள்ளிக் காசு, 1780 என்று பொறித்த மரியா தெரசா தாலர், மங்கலாக இருக்கிறதே என்று மென்மையான துணியால் துடைத்தேன். (ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசா இறந்த ஆண்டு அது. பிறகு எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ ஊர்களில் அடித்தபோதும் அதே ஆண்டைத்தான் போட்டார்கள்.) கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேக்ரோவில் பார்த்தால் கன்னம் முழுக்க ஒரே திசையில் ஓடும் கோடுகள். இப்போது காசை விளிம்பில் மட்டும் பிடிக்கிறேன், கீழே எப்போதும் மெத்தென்ற துணி. தூசியை ஊதும் பந்தால் தட்டுவதோடு சரி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அது கறையாக நிற்கும். வெள்ளியில் கந்தகம் பட்டு வரும் பொன்னிறமும் நீலமும் அழுக்கல்ல, அதைப் படமெடுப்பதே தனிச் சுகம். பிவிசி பிளாஸ்டிக் உறைகளை மட்டும் தூக்கிப் போடுங்கள், பச்சைப் பிசின் கசியும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், பார்ப்பதற்கு. சாவரினின் ஆண்டுள்ள பக்கத்தில், வீரன் ஏறிய குதிரையின் குளம்புக்குக் கீழே, தரைக்கோட்டில், ஆண்டுக்குச் சற்று மேலே ஒற்றை எழுத்து இருந்தால் அது எந்த ஆலையில் அடித்தது என்று சொல்லும். ஆங்கில ‘ஐ’ என்றால் பம்பாய், 1918-இல் மட்டும் அடித்தது. வலக்கோடியில், அந்த உருவத்தைச் செதுக்கிய பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற கலைஞரின் பெயரெழுத்துகள் பி.பி. வெறும் கண்ணில் அவை புள்ளி.

ஒருமுறை இரண்டு சாவரின் வாங்கினேன். வெவ்வேறு ஆண்டு, எடையும் விட்டமும் சரி. படங்களைக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஆண்டு இல்லாத தலைப் பக்கத்தில், இரண்டு ராஜாவுக்கும் காதுக்குக் கீழே ஒரே அரிசி வடிவப் புடைப்பு. அச்சில் கீறல் விழுந்தால் அந்த அச்சில் வரும் காசெல்லாம் அப்படித்தான் புடைக்கும் என்று சமாதானமாகிவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது: விளக்கு கீழ்ப்பக்கத்தில் இருந்திருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும், அதனால் கீழிருந்து காட்டினால் பள்ளம் மேடாகத் தெரியும். விளக்கை மேலே வைத்து மறுபடி எடுத்தேன். பள்ளம்தான். பள்ளம் என்பது ஒரு காசு எதிலோ மோதி வாங்கும் அடி. இரண்டு காசு ஒரே இடத்தில், ஒரே வடிவில் அடி வாங்காது. அடிபட்ட ஒரு காசிலிருந்து யாரோ போலி அச்சு எடுத்திருக்கிறார்கள். ஆண்டுள்ள பக்கத்துக்கு மட்டும் வேறு வேறு அச்சு.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த இரண்டையும் இன்னும் வைத்திருக்கிறேன். புது விளக்கு எது வந்தாலும் முதலில் அந்தக் காதுக்குக் கீழேதான் காட்டிப் பார்ப்பேன்.