281ஆம் தலைப்பு – கடிதம்

அன்பின் அண்ணாவுக்கு,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். கமக்காரர் அமைப்பு ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் சிறுகுளத்தின் துருசு, தண்ணீர் திறந்துவிடுகிற மதகு, மூன்று வருடமாகப் பழுது. கேட்டால் "மதிப்பீடு அனுப்பியாச்சு, நிதி வரவேணும்" என்கிறார்கள். போன கிழமை பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்ததாகச் செய்தியில் பார்த்தேன். அந்தக் குழுவில் யார் யார் இருப்பார்கள், அவர்களை யார் தெரிவு செய்வது? எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்கு ஆறு பேரை அனுப்பியிருக்கிறோம். அதில் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் எங்கள் துருசுக்குக் காசு வருமா? கூட்டத்தில் பெடியள் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. ஆறு பேரும் அந்தக் குழுவில் இருந்தாலும் வராது.

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொதுநிதியின் மீது பாராளுமன்றத்துக்கு முழுக் கட்டுப்பாடு உண்டு என்கிறது. கொஞ்சம் தள்ளி 152ஆம் உறுப்புரை இருக்கிறது. வருமானத்தையோ பொதுநிதியையோ தொடுகிற எந்தச் சட்டமூலத்தையும் பிரேரணையையும் அமைச்சர் ஒருவர்தான் கொண்டுவரலாம், அதுவும் அமைச்சரவையின் அனுமதியோடு. ஆகவே சாதாரண உறுப்பினர் ஒருவரால் ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்ட முடியாது. குறைக்கக் கேட்கலாம். குழுநிலை விவாதத்தில் எதிர்க்கட்சிக்காரர் எழுந்து "பத்து ரூபாயால் குறைக்கப்பட வேண்டும்" என்று பிரேரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பத்து ரூபாய் அங்கே கணக்கே இல்லை. அந்த அமைச்சைப் பற்றிப் பேசுவதற்கான வாசல் அது.

சரி, அப்படியானால் குழு எதற்கு? கேள்வி கேட்பதற்கு. பெடியளிடம் இதைத்தான் நீங்கள் விளங்கப்படுத்த வேண்டும்.

வரவுசெலவுத்திட்டத்தைக் 'குழு' பார்க்கிறது என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, குழுநிலை. இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் 225 பேரும் சேர்ந்து முழுப் பாராளுமன்றக் குழுவாகி, அமைச்சு அமைச்சாக, தலைப்புத் தலைப்பாகப் பார்ப்பது. தலைப்பு என்பது ஒவ்வொரு திணைக்களத்தின் செலவுக்கும் வரவுசெலவுத்திட்டத்தில் உள்ள இலக்கம். அதில் உங்கள் ஆறு பேருக்கும் இடம் உண்டு. மற்றது, நீங்கள் செய்தியில் பார்த்த அரசாங்க நிதி பற்றிய குழு. அது சிறியது, வருடம் முழுவதும் கூடுவது. வருமானம் எப்படிச் சேர்கிறது, கடன் எப்படிப் போகிறது, ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்குப் போனதா என்று திறைசேரி அதிகாரிகளை இருத்தி வைத்துக் கேட்கும். இவற்றோடு, செலவழிந்து முடிந்த பிறகு கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையை வைத்துக்கொண்டு விசாரிக்கிற குழுக்கள் இரண்டு. திணைக்களங்களுக்கு 1921 இல் தொடங்கிய அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு (கோபா), அரச நிறுவனங்களுக்கு 1979 இல் வந்த அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு (கோப்).

இந்தச் சிறிய குழுக்களின் உறுப்பினர்களைத் தெரிவுக் குழு நியமிக்கிறது. சபாநாயகர் அதற்குத் தலைவர். பாராளுமன்றத்தில் கட்சிகளுக்கு உள்ள பலம்தான் குழுவிலும் தெரியும். 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களை எடுத்தது. குழுக்களில் அவர்கள்தான் அதிகம். என்றாலும் நிதிக் குழுவின் தலைமை எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹர்ஷ டி சில்வாவிடம் இருக்கிறது. இது நல்ல வழக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணத்தைக் கையாளுகிறவரே கேள்வியும் கேட்கிறவராக இருக்கக்கூடாது. 2015 இல் தெரிவான பாராளுமன்றத்தில் இதே குழுவுக்கு எம். ஏ. சுமந்திரன் தலைமை வகித்தார். அந்தக் கதிரையில் தமிழர் ஒருவர் இருந்த காலமும் நமக்கு உண்டு.

வன்னியின் சிக்கல் வேறு. ஆறு இடங்கள், அந்த ஆறும் ஐந்து கட்சிகளுக்குப் பிரிந்திருக்கின்றன. ஓரிரு இடம் வைத்திருக்கிற கட்சிக்கு முக்கிய குழுவொன்றில் கதிரை கிடைப்பது கஷ்டம். வட மாகாண சபையில் 2018 ஒக்டோபருக்குப் பிறகு தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை. மாகாணத்தின் பணத்தைப் பற்றி நம்மால் தெரிவானவர் எழுந்து கேட்பதற்கு ஒரு மன்றமே இல்லாமல் இத்தனை வருடங்கள் போயிருக்கின்றன. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கொதிக்கிறது. அதனால்தான் கொழும்பில் நடக்கிற குழுக்களை நாம் விட்டுவிடக்கூடாது என்கிறேன்.

இனி உங்கள் துருசு. நான் பல வருடம் கச்சேரி ஒன்றின், அதாவது மாவட்டச் செயலகம் ஒன்றின், கணக்குக் கிளையில் எழுதுவினைஞராக இருந்தவன். அங்கே எல்லாரும் அறிந்த இரண்டு சொற்கள் ஒதுக்கீடு, கட்டுநிதி. ஒதுக்கீடு என்பது கடதாசியில் இருக்கும் அனுமதி. கட்டுநிதி என்பது திறைசேரி மாதாமாதம் அனுப்புகிற காசு. முதலாவது வந்துவிடும். இரண்டாவது வராமல் கணக்காளர் தொலைபேசியும் கையுமாக இருப்பார். ஒரு வருடம் சிறுகுளம் ஒன்றின் திருத்த வேலைக்கு மாசியில் அனுமதி வந்தது. கட்டுநிதி வந்தது ஐப்பசி கடைசியில். கோப்பைத் தூக்கிக்கொண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு நானும் போனேன். துருசுக் கதவைத் தூக்குகிற இரும்புத் தண்டு வளைந்து, துரு உதிர்ந்துகொண்டிருந்தது. உரப்பையில் மண் நிரப்பி வாயை அடைத்திருந்தார்கள். பைகளின் இடுக்கால் தண்ணீர் நூல்போல ஒழுகி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. குளத்தில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர். கொத்தனார் கரையில் நின்று பார்த்துவிட்டு, "இனி எங்க ஐயா இறங்குறது" என்றார். டிசம்பர் 31 இல் அந்தக் காசு திரும்பிப் போனது. அடுத்த வருடம் மதிப்பீட்டை முதலிலிருந்து எழுதினோம்.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம்முடைய குளத்துக்கு வேலை மாதம் ஆவணியும் புரட்டாசியும்தான். அதற்கு முன் தண்ணீர் கிடக்கும், ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத்திட்டம் பெப்ரவரி 17 இல் வந்து மார்ச் 21 இல்தான் நிறைவேறியது. அதுவரை இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடியது. அதற்குப் பிறகு கேள்விப்பத்திரம், ஒப்பந்தம், கட்டுநிதி. எண்ணிப் பாருங்கள். கொழும்பில் இரண்டு மாதம் பிந்தினால் வன்னியில் ஒரு வருடம் போய்விடும். நிதிக் குழு திறைசேரியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. மழையை நம்பிய மாவட்டங்களின் குள வேலைகளுக்குக் கட்டுநிதியை ஆடிக்குள் விடுவிக்க என்ன தடை? இதைக் கேட்க அரசியலமைப்பில் எந்த உறுப்புரையும் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் கேட்பவர் கையில் இலக்கம் இருக்க வேண்டும். "எங்கட குளத்தைக் கவனியுங்கோ" என்று எழுதினால் அது கடிதக் கட்டுக்குள் போய்விடும். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, வரவுசெலவுத்திட்டத்தில் அதன் தலைப்பு 281. நீர்ப்பாசனத் திணைக்களம் 282. முல்லைத்தீவு மாவட்டச் செயலகம் 267. உங்கள் மதிப்பீடு எந்தத் தலைப்பின் கீழ் போனது என்று முதலில் அறியுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்கக் கடிதம் போதும். அனுமதித்த தொகை எவ்வளவு, எந்தத் திகதியில், கட்டுநிதி எந்தெந்த மாதம் வந்தது, வருட முடிவில் எவ்வளவு திரும்பியது. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் கிடைத்ததும் அதை ஆறு பேருக்கும் அனுப்புங்கள். கட்சி பார்க்க வேண்டாம். விவசாய அமைச்சின் தலைப்புகள் குழுநிலைக்கு வருகிற நாளில் அவர்கள் வாசிக்கட்டும். நிதிக் குழுத் தலைவருக்கும் ஒரு பிரதி போகட்டும். பொதுமனுக் குழுவுக்கு மனுக் கொடுப்பதென்றால் உறுப்பினர் ஒருவர் மூலம்தான் கொடுக்க முடியும், அதற்கும் இந்த ஆறு பேரில் ஒருவர் போதும்.

கடிதத்தை எழுதிவிட்டு அனுப்ப முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், தலைப்பு இலக்கங்களைச் சரிபார்த்துத் தருகிறேன். ஆனி பிறக்க முன்னமே செய்யுங்கள் தம்பி. இந்த முறை ஆவணியை விடக்கூடாது.